முதல் தண்ணீருக்கு ஒரு சரம்

தாயில்பட்டி வட்டாரத்தில் பட்டாசுத் தொழில் செய்து பிழைக்கும் மக்களுக்குச் சித்திரைப் பொங்கலையொட்டிச் சில நாட்கள் ஓய்வு வாய்க்கும். அவ்வோய்வு நாட்களுள் ஒன்றில், கம்பெனி முதலாளியே வண்டி அமர்த்தித் தம் தொழிலாளரைச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம். வண்டியில் சோற்று மூட்டையோடு ஒரு சரம் வெடியும் ஏறும். குற்றாலத்து அருவியாயினும் திருச்செந்தூர்க் கடலாயினும், அன்றைய பயணத்தில் கால் நனைக்கத்தக்க முதல் தண்ணீர் எதுவோ, அதன் கரையில் அச்சரத்தைக் கொளுத்திய பிறகுதான் எவரும் தண்ணீரில் இறங்குவர். ஆண்டு முழுவதும் நெருப்பினிடையே உழல்கிறவர்கள் நீரிடம் அடைக்கலம் கேட்கும் முறை அது. அதை யார் தொடங்கி வைத்தார் என்பது எவருக்கும் தெரியாது. நிறுத்துவதற்கு மட்டும் எவருக்கும் துணிவில்லை.

துணிவில்லாமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாவில், அருவிச் சாரலில் நனைந்து நமத்துப்போன சரம் பாதியிலே அணைந்துவிட்டது. அந்தச் சீசனில் வெடிமருந்து அறை தீப்பற்றிப் பொன்னுத்தங்கம் என்ற பெண் மாண்டுபோனாள். ஈரம் படும்படி சரத்தை வெளியே வைத்திருந்தவர் போர்மேன் பெத்தணன். "சாரலுக்கும் சாவுக்கும் என்ன தொடர்பு?" என்று பிறர் கேட்டால் அவரும் "ஒன்றுமில்லை" என்றே சொல்வார். ஆயினும் அதன்பின் ஒவ்வோராண்டும் சரத்தைக் காகிதத்தில் பொதிந்து, தம் இடுப்பு வேட்டியின் மடிப்பிலேயே செருகிக்கொண்டு வரலானார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், பெரிய முதலாளிக்கு உடல்நலம் குன்றியமையால், மகன் செந்தூர்பாண்டி பொறுப்பேற்று வந்தார். படித்தவர், புகைப்படம் எடுப்பதில் விருப்பமுள்ளவர்.

"வருசம் வருசம் கோயிலு, அருவி. இந்தத் தடவ வேற மாதிரி போவோம். கடற்கரையில பறவைகளுக்குன்னு ஒரு காப்பகம் இருக்கு. உள்ள நடந்து போய்ப் பாக்கதுக்குப் பாதை போட்டு வச்சிருக்காக" என்றார் அவர்.

அமைதியான இடம் என்று முதலாளி சொல்லக் கேட்டிருந்ததனால், பெத்தணன் அம்முறை பெரிய சரத்தை எடுக்கவில்லை. சீனி வெடி என்று சொல்லப்படும், சிறுபிள்ளைகள் கையில் கொடுக்கிற மிகச் சிறிய வெடியில் ஒரு முழச் சரம் எடுத்துக்கொண்டார். அவர்கள் ஊரில் அதனைச் சத்தம் என்று யாரேனும் சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். இடத்துக்குத் தக்க மரியாதை செய்துவிட்டதாகவே அவர் எண்ணினார்.

உப்பளங்களைக் கடந்து வண்டி நின்ற இடத்தில் ஒரு மூங்கில் தடுப்பும், தகரக் கூரை வேய்ந்த சிற்றறையும் இருந்தன. அங்கே காவலிருந்தவர் லூர்து என்பவர்; ஐம்பதைக் கடந்தவர். இளமையில் சங்கு குளித்தவர் என்பது அவர் தோளின் அகலத்திலேயே தெரிந்தது. காக்கிச் சட்டை அணிந்திருந்தாலும் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டவர்தாம்.

"தீப்பெட்டி, பீடி, பாட்டுப் பொட்டி, எது இருந்தாலும் இங்கன வச்சிட்டுப் போங்க. வரும்போது எடுத்துக்கிடலாம்" என்றார் லூர்து.

கூட்டத்தில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன பஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சிவகாசிப் பக்கத்து ஆளுககிட்டப் போயி தீப்பெட்டி இருக்கான்னு கேக்காகளே. மீன்காரிகிட்ட செதில் இருக்கான்னு கேட்ட கணக்காவுல்ல இருக்கு."

பெண்கள் அனைவரும் சிரித்தனர். சுருக்குப் பைகளிலிருந்தும் தூக்குச் சட்டிகளிலிருந்தும் தீப்பெட்டிகள் வந்து மேசைமேல் குவிந்தன. லூர்தும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரித்து ஓயும் வேளையில்தான் அவர் முகத்தில் சிரிப்புத் தொடங்கியது.

அதைப் பெத்தணன் கவனித்துவிட்டார். அவருக்கு அது தொழிலோடு வந்த பழக்கம். கம்பெனிக்குப் புதிதாக ஆள் வந்தால், அவர் அறியாமல் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைப்பார்; திரும்பாதவருக்கு வேலை இல்லை. ஏனெனில், மருந்து புகையத் தொடங்கினால் "ஓடு" என்ற ஒரு கூப்பாடுதான் உயிரைக் காக்கும். லூர்து பானையருகே குனிந்தபோது, பெத்தணன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணாச்சி, நமக்கும் ஒரு செம்பு தண்ணி" என்றார். லூர்து திரும்பவில்லை. குரலை உயர்த்தி மீண்டும் கேட்டார். அப்போதும் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று கேட்டதும், அவர் உதட்டைப் பார்த்து, உடனே செம்பை நீட்டினார் லூர்து.

இவருக்குக் காது கேளாது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்கிறார் என்று பெத்தணன் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஒரு நிம்மதி. இடுப்பிலிருந்த பொட்டலம் கனம் குறைந்ததுபோல் இருந்தது.

"நீங்கதான் இவுகளுக்கு மேஸ்திரியா?" என்று லூர்து கேட்டார்.

"போர்மேன்."

"அப்ப உங்களச் சோதிக்க வேண்டாம். உங்க ஆளுகள நீங்களே பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, லூர்து மூங்கில் தடுப்பை உயர்த்தினார். பெத்தணன் தலை குனிந்து உள்ளே போனார். இடுப்பில் சரம் மட்டுமன்று, ஒரு தீப்பெட்டியும் இருந்தது.

பாதையின் இருபுறமும் உமரிச் செடிகள் செந்நிறம் காட்டிப் படர்ந்திருந்தன. கழியோரத்தில் அலையாத்தி மரங்கள் சேற்றில் கால் ஊன்றி நின்றன. சற்றுத் தொலைவில், வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்த இடத்தில், லூர்து நின்று கையை உயர்த்தினார்.

"இந்தக் கல்லுக்கு அங்கிட்டுக் கால் வைக்காதீக. கூச்சலும் போடாதீக. ஆலா முட்டை போட்டிருக்கு."

மணல்வெளியில் வெண்ணிறப் பறவைகள் ஆங்காங்கே அமர்ந்திருந்தன. லூர்து ஒரு குச்சியால் சுட்டிக்காட்டிய இடத்தில் எவருக்கும் ஒன்றும் புலப்படவில்லை.

"கூழாங்கல்லுல்லா கெடக்கு" என்றாள் பஞ்சம்மாள்.

"கல்லு இல்ல தாயி. உத்துப் பாருங்க, புள்ளி தெரியும்."

"ஆத்தாடி, ஆமா. கூடு இல்ல, குச்சி இல்ல, வெறும் மண்ணுல போட்டு வச்சிருக்கு. இந்த வெயிலுக்கு அவிஞ்சு போகாதா?"

"அதுக்குத்தான் ஆத்தா மேல உக்காந்திருக்கு. நெழலு குடுக்கு. வயித்தத் தண்ணில நனைச்சிட்டு வந்து உக்காரும். அது எந்திரிச்சிட்டா வெந்துரும்."

சொல்லிவிட்டு லூர்து வாயிலை நோக்கித் திரும்பி நடந்தார். பெத்தணன் அவ்விடத்திலேயே ஒரு கணம் நின்றார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக, உதட்டில் விரல் வைத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போன காட்சியைக் கண்டபோது, இந்த ஓராண்டு சரம் இல்லாமல் போனால்தான் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியபடி அவர் நடந்திருக்கலாம்.

பாதை கழிமுகத்தில் போய் முடிந்தது. செந்தூர்பாண்டி தம் கேமராவோடு மரங்களின் பக்கம் ஒதுங்கிவிட்டார். பெண்கள் நீரோரம் வந்து, ஒருவரும் இறங்காமல் நின்று, பெத்தணனைத் திரும்பிப் பார்த்தனர்.

"போர்மேன் அண்ணாச்சி, மணலு காலப் பொரிக்கி. எறங்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

"இங்கன வேண்டாம் மதினி. முட்டை கெடக்குன்னு சொன்னாருல்லா."

"அது அங்கன கெடக்கு. நாம இங்கன நிக்கோம். என்ன கொண்டாந்திருக்கீக?"

"சீனி வெடி."

"இம்புட்டுத்தானா? நம்ம தொட்டில் புள்ளைக இதுக்கு முழிக்குமா? பொரி பொரியுத சத்தம்தானே." அவ்வளவில் நிறுத்தியிருந்தால் பெத்தணன் மறுத்திருக்கக்கூடும். அவள் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தா நிக்கா பாருங்க, பாண்டிச்செல்வி. அவ ஆத்தா பொன்னுத்தங்கம் இருந்த எடத்துக்குத்தான் இந்தச் சீசன்ல வாரா. சரம் போடாம அவள மருந்து ரூமுக்குள்ள விடுவீகளா? விட்டா உங்களுக்கு ஒறக்கம் வருமா?"

பாண்டிச்செல்வி தாவணி முனையை விரலில் சுற்றியபடி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதன்முறையாகக் கடலைக் காண்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலே விளங்கியது.

பெத்தணன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தொலைவில் தகரக் கூரையின் கீழ் லூர்து முதுகு காட்டி அமர்ந்திருந்தார். கேளாத காதுக்கு என்ன தெரியப் போகிறது என்று பெத்தணனின் மனம் சொல்லிற்று. அவர் மணல்மேட்டின் மறைவில் சரத்தைக் கிடத்தித் திரியில் தீ வைத்தார்.

அவருடைய காதுக்கு அது மெய்யாகவே சிறு சத்தந்தான். பெண்கள் கண்மூடிக் கைகூப்பினர். சரம் இடையில் நில்லாமல் கடைசி வெடிவரை வெடித்துத் தீர்ந்தது. பெத்தணன் நெஞ்சில் அடைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். அதே கணத்தில், அவர்களுக்குப் பின்னாலிருந்த மணல்வெளி முழுவதும் எழுந்து வானத்துக்குப் போவதைப்போல, ஆலாக்கள் ஒருசேரக் கிளம்பின.

பேரிரைச்சல் எழுந்தது. வெடிச் சத்தத்தைச் சத்தமென்று மதியாத அம்மக்கள், அந்தக் கீச்சொலிக்குக் காதைப் பொத்திக்கொண்டனர். இதோ இறங்கிவிடும், இதோ இறங்கிவிடும் என்று பெத்தணன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பறவைகள் சுழன்று சுழன்று மேலேறினவேயன்றி ஒன்றும் இறங்கவில்லை. கீழே, நிழல் நீங்கிய மணலில், முட்டைகள் உச்சி வெயிலில் கிடந்தன. முன்பு உற்றுப் பார்த்தும் தெரியாத முட்டைகள் இப்போது ஒவ்வொன்றாக அவர் கண்ணில் பட்டன. அலையாத்திப் பக்கமிருந்து காக்கைகள் வந்தன. ஒரு காக்கை இறங்கியது. மூக்கில் எதையோ பற்றிக்கொண்டு பறந்தது. சரம் தீர்ந்ததும் தண்ணீரில் காலை வைத்திருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காலை வெளியே எடுத்தனர்.

லூர்து ஓடி வந்தார். வெடியைக் கேளாவிடினும் வானத்தைப் பார்த்துவிட்டார். பஞ்சம்மாள் சிதறிக் கிடந்த சிவப்புக் காகிதத் துணுக்குகளைக் காலால் மணல் தள்ளி மூடினாள். மருந்து நெடியைக் கடற்காற்று முன்னரே கொண்டுபோய்விட்டது.

"என்னாச்சு? எது கெளப்புச்சு? நாயா, பருந்தா?" என்று மூச்சிரைக்கக் கேட்டு, லூர்து பெத்தணனுடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"பருந்து" என்றார் பெத்தணன். தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாதே என்று, உதட்டை நன்றாகக் குவித்து, நிறுத்திச் சொன்னார்.

லூர்து நம்பினார். "பருந்துன்னா அது போனதும் எறங்கிரும். நீங்கள்லாம் வெளிய போயிருங்க. ஆள் நின்னா எறங்காது" என்று கூறிவிட்டு, தோளில் கிடந்த துண்டை வீசிக் காக்கைகளின் பின்னால் ஓடினார்.

அந்த ஓட்டத்தைப் பெத்தணனால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. பொய்யென்று தெரியாமல் ஒருவன் அதை நம்பி ஓடுவதைக் காண்பது, அடிபடுவதைவிடக் கொடியதாயிருந்தது.

வாயிலில் கூட்டம் வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு ஜீப் நின்றது. வனச்சரகர் இறங்கி நின்று, வண்டியின் முகப்பில் கட்டியிருந்த, கம்பெனியின் பெயர் எழுதிய துணியைப் படித்துக்கொண்டிருந்தார். லூர்தும் பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"உப்பளத்துலருந்து போன் பண்ணுனாங்க. வெடி வெடிச்சுதாமே, யாரு?" என்று சரகர் கேட்டார்.

"வெடியா? இல்ல சார். பருந்து வந்து கெளப்பிருச்சு" என்றார் லூர்து.

"உப்பளத்துல உப்பு வாருறவனுக்குக் கேட்டிருக்கு. உள்ளேயே இருக்க உனக்குக் கேக்கல?" சரகர் துணியைச் சுட்டிக்காட்டினார். "பட்டாசுக் கம்பெனி வண்டி நிக்குது. நீ பருந்துங்குற. அவங்ககிட்ட என்ன வாங்குன லூர்து?"

வெடி கேட்டது என்று சொன்னால் லூர்து காசுக்குக் கைநீட்டியவன் ஆவார். கேட்கவில்லை என்று சொன்னால் காது போனவன் ஆவார். எதைச் சொன்னாலும் வேலை போகும். அவர் கண்கள் ஒவ்வொருவர் உதட்டையும் தேடிச் சென்றன. அசையும் உதடு ஒன்றும் அங்கே இல்லை.

செந்தூர்பாண்டி பெத்தணனின் முழங்கையைப் பற்றினார். "அண்ணாச்சி, நீங்க பேசாம வண்டில ஏறுங்க. கேசு கீசுன்னு போனா லைசென்ஸுக்கு வந்துரும். நான் சரிக்கட்டிக்கிடுதேன்."

பெத்தணன் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே சன்னலோரம் பாண்டிச்செல்வி அமர்ந்திருந்தாள். அவள் முகத்தில் பயமில்லை. சரம் முழுதாக வெடித்த தெளிவு இருந்தது. அவளுக்கு அளித்த அந்தத் தெளிவை யாரிடமிருந்து பறித்துக் கொடுத்தோம் என்ற எண்ணம் அவரைப் படியிலிருந்து இறக்கியது.

"நாந்தான் சார் போட்டேன்" என்று முன்னால் வந்து நின்றார். "பருந்துன்னு இவர்கிட்டப் பொய் சொன்னதும் நாந்தான். இவரு ஒரு பைசா வாங்கல. இவரு மேல தப்பே இல்ல சார். இவருக்குக் காது கேக்காது. அது தெரிஞ்சுதான் பத்த வச்சேன்."

சொல்லி முடித்த பின்பே, என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. ஒரு பழியிலிருந்து லூர்தை மீட்கப் போய், அவர் இத்தனை காலம் பொத்திப் பாதுகாத்ததைப் பலர் நடுவே திறந்து போட்டுவிட்டார். லூர்தின் கண்கள் அவர் உதட்டின்மேலேயே இருந்தன. ஒரு சொல்லும் தப்பாமல் அவர் படித்துவிட்டார்.

சரகர் லூர்தின் பக்கம் திரும்பினார். பேசியபோது குரலில் சினம் இல்லை. லூர்தின் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்திக் கேட்டார்.

"மெய்தானா?"

"சங்கு குளிக்கும்போதே போயிருச்சு சார். கண்ணு நல்லாத் தெரியும். கண்ண வச்சுத்தான் இம்புட்டு நாளும் காவல் காத்தேன்."

"வேட்டைக்காரன் துப்பாக்கியக் கேக்காத ஆளக் காவலுக்கு வச்சிருந்தேன்னு மேல தெரிஞ்சா, நான் என்ன பதில் சொல்ல? தெரியாத வரைக்கும் சரி. இத்தன பேரு முன்னாலயும் தெரிஞ்சு போச்சே." சரகர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நாளையிலருந்து வேற ஆளு போடுறேன் லூர்து."

லூர்து தலையசைத்தார்.

பெத்தணனுக்கு அபராதம் விதித்தார்கள், செந்தூர்பாண்டியே கட்டினார். எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, அவ்வளவில் விட்டுவிட்டார்கள். தமக்கு இன்னும் பெரிய தண்டனை கிடைக்குமென்று பெத்தணன் நின்று பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜீப் கிளம்பிப் போயிற்று.

எங்கள் கம்பெனிக்கு வாருங்கள், வேலை தருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் வெட்கினார். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாத மனிதனை உள்ளே விடாதவர் அவரேயல்லவா? சரகர் இன்று செய்ததைத் தாம் ஆண்டுதோறும் செய்து வந்தார். கொடுப்பதற்கு அவரிடத்தில் ஒன்றுமில்லை.

லூர்து மூங்கில் தடுப்பைத் தாண்டி மறுபடியும் உள்ளே நடந்தார். வேலை நாளைக்குத்தான் இல்லை, இன்றைக்கு உண்டு என்பதுபோல் நடந்தார். பெத்தணன் பின்தொடர்ந்தார். வண்டியிலிருந்து பஞ்சம்மாள், "அண்ணாச்சி, எங்க போறீக? பொழுது போகுதுல்லா" என்று அழைத்தது காதில் விழுந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இரண்டும் காதில் விழுந்தும் அவர் திரும்பவில்லை.

வெள்ளைக் கற்களின் ஓரத்தில் லூர்து துண்டை வீசிக்கொண்டு நின்றார். வானத்தில் வட்டம் குறுகியிருந்தது. தொலைவில் சில பறவைகள் இறங்கியிருந்தன. அருகில் இன்னும் இறங்கவில்லை. உடைந்த ஓடுகளைச் சுற்றி எறும்பு ஏறியிருந்தது.

"நான் உங்களுக்குப் பெரிய பாவம் செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்றார் பெத்தணன், அவர் முதுகைப் பார்த்து. "உங்கள நம்ப வச்சுக் கெடுத்துட்டேன்."

சொன்ன பிறகு நாணிப் போனார். வெடியைக் கொளுத்தியதுபோலவே மன்னிப்பையும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கேளாத காதிடம் கேட்டிருக்கிறோம் என்பது புலப்பட்டது. சுற்றி நடந்து, லூர்தின் முன்னால் போய் நின்றார். லூர்து அவரைப் பார்த்தார். சினமோ வருத்தமோ, இன்னதென்று பெத்தணனால் அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல உதட்டைத் திறந்தார்.

"தள்ளிப் போங்க" என்றார் லூர்து, அதற்கு முன்பாகவே. "நீங்க நிக்குத வரைக்கும் அதுக எறங்காது."

பெத்தணன் திறந்த வாயை மூடிக்கொண்டார். பின்னுக்கு ஓரடி வைத்தார். லூர்து இன்னும் போகும்படி கையைக் காட்டினார். மேலும் பின்னுக்கு நகர்ந்தார். கை காட்டுவது நிற்கவில்லை. உமரிச் செடிகளைக் கடந்து, பாதையைக் கடந்து, லூர்தின் முகம் எத்திசையில் இருக்கிறதென்று தெரியாத தொலைவுக்கு அவர் வந்த பின்னரே, மணல்மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்த ஆலாக்களில் ஒன்று கால்களை நீட்டிக்கொண்டு இறங்கிற்று.